பின்பக்கமாகவே போன நிச்சயதார்த்த வண்டி

என் கொழுந்தன் தணிகாசலத்தின் நிச்சயதார்த்தத்தைப் பற்றிக் காஞ்சிபுரத்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். வண்டி பறந்தது என்கிறவர்கள் உண்டு. பேய் ஓட்டியது என்கிறவர்களும் உண்டு. அவர்கள் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க வேண்டும். அந்த வண்டியின் பின்தட்டில் நின்று, ஒரு கையில் பழத்தட்டும் மறு கையில் கம்பியுமாக வழி சொல்லிக்கொண்டு போனவள் நான். பேர் அலமு. தணிகாசலத்தின் அண்ணன் குப்புசாமிக்கு வாழ்க்கைப்பட்டுப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்தவள். அதனால் நான் சொல்வதைக் கேளுங்கள், மற்றதெல்லாம் கட்டுக்கதை.

எங்கள் வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார். இன்னொன்றில் தணிகாசலத்தை உட்கார வைக்க என் மாமனார் தலைகீழாக நின்று பார்த்தார். அவனுக்குச் சேலை முக்கியமில்லை. தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டி எப்படி எந்த இழையைத் தூக்குகிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். ஒரு நாள் பெட்டியைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டினான். முந்தானையில் அன்னப்பட்சி வரவேண்டிய இடத்தில் கழுதை மாதிரி ஏதோ ஒன்று வந்து நின்றது. மாமனார் அந்தச் சேலையை மடித்துப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். அடுத்த வாரமே அவனை வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லுக்கு வேலைக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே ஒரு பெரிய ஆயில் எஞ்சின் இருந்தது. பையன் அதன் பக்கத்திலேயே சோறு தின்று அதன் பக்கத்திலேயே தூங்கினான். வீட்டுக்கு வரும்போதெல்லாம் முழங்கை வரைக்கும் கிரீஸ், முகம் முழுக்கச் சிரிப்பு. கொஞ்ச காலம் கழித்து, மிலிட்டரிக்காரர்கள் கழித்துப் போட்ட பிக்கப் வண்டி ஒன்றை மெட்ராஸில் ஏலத்தில் எடுத்து வந்தான். அது பெட்ரோல் வண்டி. பெட்ரோல் விலை மானத்துக்கு ஏறியதும், மெட்ராஸ் புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் கடையில் டீசல் எஞ்சின் ஒன்றைப் பிடித்து அதன் வயிற்றுக்குள் வைத்தான். ஒருவருக்குத் தைத்த ரவிக்கையை இன்னொருத்தி போட்டுக்கொண்ட மாதிரி அது எப்போதும் எங்காவது பிடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓடிவந்த நாளைவிட மாடு கட்டி இழுத்துவந்த நாள்தான் அதிகம். ஆனாலும் அந்த வண்டியைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

அவன் மனசு செவிலிமேட்டில் போய் விழுந்ததும் இந்த வண்டியால்தான். எங்கள் தெருவில் இருந்த கலியாணசுந்தரம் செவிலிமேட்டில் புது வீடு கட்டிக்கொண்டு போனார். தறிச் சாமான்களை ஏற்றிப் போக இவன் வண்டியைப் பேசினார். பாதி வழியில் வண்டி நின்றது. நின்றது மட்டுமல்ல, ஏற்றத்தில் பின்னால் உருள ஆரம்பித்தது. எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது, சாமான்களின் மேலே உட்கார்ந்திருந்த அவர் பெண் ஏலவார்குழலி குதித்து இறங்கி, ரோட்டோரக் கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்தாள். வைத்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு, "டிரைவரே, கீழே இறங்கலாம், இனிமே ஓடாது" என்று சிரித்தாளாம். தணிகாசலம் அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் இதை நாலு தடவை சொன்னான். எனக்குப் புரிந்துபோயிற்று.

அப்புறம் செவிலிமேட்டுக்கு லோடு இருக்கிறதோ இல்லையோ வண்டி போயிற்று. அந்தப் பெண்ணுக்கும் விருப்பம் என்று எனக்குத் தெரியவந்தது. நானும் என் மாமியார் அங்கம்மாளும் வெற்றிலை பாக்கோடு போய்ப் பெண் கேட்டோம். கலியாணசுந்தரம் நல்ல மனுஷர்தான், ஆனால் நின்றுபோன வண்டியை மாடு கட்டி அவர் புது வீட்டுக்கு இழுத்த அந்த நாள் அவர் தொண்டையில் முள்ளாக நின்றது.

"பொண்ணு குடுக்குறதுல ஒண்ணும் இல்லமா. தெரிஞ்ச குடும்பம்" என்றார். "ஆனா என் தறி மாட்டு பின்னாடி வந்ததை ஊரே பார்த்துச்சு. தாம்பூலத் தட்டு அந்த வண்டியிலதான் வரணும். மாடு இழுக்கக் கூடாது. ஆளு தள்ளக் கூடாது. தானா ஓடியாந்து என் வாசல்ல நிக்கட்டும், மாத்திக்கலாம்."

"வரலைன்னா?" என்றேன் நான்.

"ஆரணியில எங்க அக்கா பையன் இருக்குறான். அவனுக்கு வண்டியே கிடையாது" என்றார்.

கதவுக்குப் பின்னால் குழலி நின்றிருந்தாள். அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அந்த வருஷம் ஆயுத பூஜை ஐப்பசியில் வந்தது. மறுநாள் விஜயதசமி, வெள்ளிக்கிழமை, பத்தரை மணி ராகுகாலத்துக்கு முன்னால் தட்டு மாற்றுவது என்று நாள் குறித்தார்கள். வீட்டுக்கு வந்து சொன்னதும் தணிகாசலம், "அண்ணி, எனக்கு குழலி இல்லன்னா வேற யாரும் வேணாம். சொல்லிட்டேன்" என்றான். சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். சோற்றுத் தட்டைக்கூட அங்கேதான் தள்ளினோம்.

வண்டியும் அவனுக்கு இசைந்து வந்தது. ஆனால் பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் டீசல் பம்பைச் சுற்றுகிற சக்கரத்தில் ஒரு பல் உடைந்தது. இந்தச் சக்கரத்தைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வினையே அதில்தான் இருந்தது. டீசல் எஞ்சினில் பற்றவைக்கப் பொறி கிடையாது. பிஸ்டன் மேலே ஏறிக் காற்றை நெருக்க, காற்று கொதித்துப்போய் நிற்கும். அந்த நேரம் பார்த்துப் பம்பு டீசலைப் பீச்ச வேண்டும். பிந்திப் பீச்சினால் எஞ்சின் வெள்ளைப் புகை விட்டு முனகுமே தவிர ஓடாது. "எஞ்சினுக்கும் முகூர்த்தம் உண்டு அண்ணி, அதுக்குப் பேர்தான் டைமிங்" என்பான். எந்தப் பல்லுக்கு எதிரே எந்தப் பல் நிற்க வேண்டும் என்பதில்தான் அந்த முகூர்த்தம் இருக்கிறது. அதற்காகச் சக்கரங்களில் ஒரு புள்ளி அடித்திருப்பார்கள். புள்ளிக்குப் புள்ளி நேராக வைத்து மாட்டினால் முடிந்தது.

புதுப்பேட்டைக்கு ஓடி வேறொரு சக்கரம் வாங்கி வந்தான். அதில் புள்ளி தேய்ந்து போயிருந்தது. பழைய சக்கரத்தோடு சேர்த்து வைத்துப் பற்களை எண்ணி, சரியான பல்லைக் கண்டுபிடித்தான். அடையாளம் வைக்கப் பெயிண்ட் இல்லை. பூஜை நாள், கடையும் இல்லை. என் மாமியாரின் குங்குமச் சிமிழை எடுத்து, தேங்காய் எண்ணெயில் குழைத்து, அந்தப் பல்லில் ஒரு பொட்டு வைத்தான்.

சக்கரத்தை மாட்டப் போகும்போது மாமியார் வந்து பிடுங்கிக்கொண்டாள். "இன்னிக்கு ஆயுதத்துல கை வெக்கலாமாடா? தறி உக்காந்துக்கினு இருக்குது, நாடா உக்காந்துக்கினு இருக்குது. உன் சக்கரம் மட்டும் பெரிய மனுஷனா?" என்றாள். எங்கள் தெருவில் ஆயுத பூஜை அன்று ஊசியைக்கூட எடுக்கமாட்டோம். அவனும் கொடுத்துவிட்டான். சக்கரம் ஊடை இழை ஓட்டுகிற தறிநாடாவுக்குப் பக்கத்தில் சாமி முன்னால் உட்கார்ந்து பொரிகடலை வாங்கிக்கொண்டது.

விஜயதசமி விடிந்ததும் எடுத்து மாட்டினான். எதிர்ச் சக்கரத்துப் புள்ளிக்கு நேரே பொட்டு. மூடியைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திருகினான். வண்டி கொர் கொர் என்றது. வெள்ளைப் புகை வந்தது. முனகியது. நின்றது. மறுபடி திருகினான், மறுபடி முனகியது. பேட்டரி இளைத்துப்போய்க் கடைசியில் கொர் என்று சொல்லவும் அதற்குத் தெம்பில்லை. நாங்கள் பட்டுச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, தட்டுகளோடு வாசலில் நிற்கிறோம். தணிகாசலத்தின் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்றார் என் வீட்டுக்காரர். புறப்படுகிற இடத்தில் தள்ளினால் கலியாணசுந்தரத்துக்கு என்ன தெரியப் போகிறது. ஆனால் எங்கே தள்ளுவது? விஜயதசமிக்குப் புதுப் பாவு எடுப்பது எங்கள் வழக்கம். வண்டிக்கு முன்னால் தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு நின்று நீவிக்கொண்டிருந்தார். பாவு போட்டிருக்கும் தெருவில் ஜனாதிபதியே வந்தாலும் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். ஆகவே வண்டியைப் பின்னால்தான் தள்ள வேண்டும்.

ரிவர்ஸ் கியரில் போட்டுத் தள்ளினார்கள். புகைதான் வந்தது, வண்டி கல்லாட்டம் கனத்தது. என் வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "டேய், லேசா இருக்குற கியர்ல போடுடா, உயிர் போவுது" என்றார். தணிகாசலமும் இருந்த கலக்கத்தில் மூணாவது கியரைப் போட்டான். எல்லோரும் மூச்சைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்கள். எஞ்சின் ஒரு தும்மல் தும்மியது. அடுத்து, தடதடதடவென்று என்ன அழகாக ஓடியது தெரியுமா. தெருவே கைதட்டியது. என் மாமியார் அங்கேயே ஒரு தேங்காயை உடைத்தாள்.

நாங்கள் குதித்து ஏறினோம். தெருவிலிருந்து பின்னால் வெளியே எடுக்க, அவன் ரிவர்ஸைப் போட்டுக் கிளச்சை விட்டான். வண்டி முன்னால் பாய்ந்தது. நேரே பாவைப் பார்த்து. பக்கத்து வீட்டுக்காரர் பாவுக்கு முன்னால் கையை விரித்து நின்று, "என் மேல ஏத்திட்டுப் போடா" என்றார். பிரேக்கை அவன் எப்படி மிதித்தானோ, ஒரு முழம் மீதி வைத்து வண்டி நின்றது. என் தட்டிலிருந்த ஆப்பிள் ஒன்று போய்ப் பாவில் உட்கார்ந்தது. அவர் அதை எடுத்துக் கடித்துக்கொண்டே திட்டினார்.

தணிகாசலம் ஒன்றாவது கியரைப் போட்டுப் பார்த்தான். வண்டி பின்னால் போனது. நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமலே இறங்கி முன்மூடியைத் தூக்கினான். புகை சைலன்சரில் வரவில்லை. காற்றை இழுக்க வேண்டிய ஃபில்டர் வழியாகக் கப்பு கப்பென்று வந்துகொண்டிருந்தது. ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு என் மாமியாரைப் பார்த்தான்.

"எம்மா, அந்த சக்கரத்துல பொட்டு வெச்சியா?"

"வெக்காம? நீ வெச்சது ஓரமா, கோணலா இருந்துச்சு. சாமி கிட்ட வெக்குற பொருளை அப்பிடியா வெப்பாங்க. புளி போட்டுத் தேய்ச்சு, அழகா அந்த ஓட்டைக்கு நேரா இருக்குற பல்லுல வெச்சேன்" என்றாள் மாமியார்.

அவன் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டான். அழுகிறானோ என்று நான் இறங்கி ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சிரிப்புக்கு நடுவில் எனக்கு விளக்கினான். பொட்டு மாறியதால் டீசல் பிந்திப் பீச்சுகிறது. ஆனால் எஞ்சின் பின்பக்கமாகச் சுற்றினால் அதே டீசல் சரியாக முந்திக்கொண்டு வந்து விழுகிறது. கிழக்கே போகிறவன் தாண்டிவிட்ட வீடு மேற்கே போகிறவனுக்கு இனிமேல்தானே வரும், அப்படி. முன்கியரைப் போட்டுப் பின்னால் தள்ளியதில் எஞ்சின் தலைகீழாகச் சுற்றி, தலைகீழாகவே பற்றிக்கொண்டது. இனி இந்த வண்டிக்கு முன்னால் போக ஒரே கியர், அதுவும் ஆமை. பின்னால் போகத்தான் மீதி அத்தனையும்.

"கழட்டி மாட்ட எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"சாயங்காலம் ஆவும்."

எல்லோர் மனசிலும் ஆரணிப் பையன் வந்து நின்றான். தணிகாசலம் எழுந்து வேட்டியைத் தட்டினான். "தானா ஓடியாந்து வாசல்ல நிக்கணும்னுதானே சொன்னாரு. எந்தப் பக்கமா ஓடியாரணும்னு சொல்லல. ஏறுங்க. அண்ணி, நீங்க பின்னாடி நின்னு வழி சொல்லுங்க" என்றான்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு அடங்குவதில்லை. இரண்டாவது கியரில் வண்டி பின்பக்கமாகப் புறப்பட்டது. பின்தட்டில் நின்ற நாங்கள் ஊர்வலத்துச் சாமி மாதிரி முன்னால் போகிறோம். ஓட்டுகிறவன் எங்களுக்குப் பின்னால் கழுத்தைத் திருப்பிக்கொண்டு வருகிறான். நான் "சோத்தாங்கை பக்கம்" என்றால் அவனுக்கு அது எந்தக் கை என்று குழம்பிவிட்டது. ஒரு தடவை இளநீர் வண்டிக்குள்ளேயே போயிருப்போம். அதற்கப்புறம் கைக் கணக்கை விட்டுவிட்டு, "பூக்கடை பக்கம் வளைப்பா, பசு மாட்டை விட்டு விலகுப்பா" என்று ஆள், மாடு, கடை எல்லாவற்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு ஓட்ட வைத்தேன். கோபுரத்தைப் பார்த்து என் மாமியார் கும்பிடு போட்டாள். போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி, எந்தப் பக்கத்து வண்டிக்கு எந்தக் கையைக் காட்டுவது என்று தெரியாமல் இரண்டு கையையும் இறக்கிவிட்டார்.

செவிலிமேட்டு ரோட்டில் ஒரு டவுன் பஸ் எங்கள் பின்னால் வந்து சேர்ந்தது. பின்னால் என்றால் எங்கள் வண்டியின் மூக்குப் பக்கம். தணிகாசலம் முன்பக்கம் திரும்பும்போதெல்லாம் பஸ் டிரைவரும் அவனும் மூஞ்சிக்கு நேரே மூஞ்சி பார்த்துக்கொண்டார்கள். அந்த மனுஷர் கையை ஆட்டி என்னவென்று கேட்டார். இவன் மாலை போடுகிற மாதிரி கழுத்தைச் சுற்றிக் காட்டினான். அவர் புரிந்துகொண்டு, எங்களுக்காக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பாட்டுப் பாடினார்கள். நாங்களும் சேர்ந்து பாடினோம்.

எஞ்சின் சத்தம் மாறியதை முதலில் கேட்டது தணிகாசலம்தான். என்னைக் கூப்பிட்டான். நான் குனிந்து அவன் பக்கத்து ஜன்னலில் காதை வைத்தேன்.

"எண்ணெய் மீட்டர் முள் கீழயே கிடக்குது அண்ணி. எஞ்சின் தலைகீழா சுத்துனா எண்ணெய் பம்பும் தலைகீழாதானே சுத்தும். ஒரு சொட்டு மேல ஏறல. இப்பிடியே போனா உள்ள எல்லாம் புடிச்சிக்கும். அப்புறம் இந்த எஞ்சினை பழைய இரும்புக்குப் போட்டு பேரீச்சம்பழம் வாங்கத்தான்."

"நிறுத்தேன்பா" என்றேன். எனக்குப் பதறியது. அந்த எஞ்சினுக்காக அவன் எத்தனை வருஷம் வேர்வை சிந்தினான் என்று எனக்குத் தெரியும்.

"நிறுத்துனா திரும்ப நீங்கல்லாம் தள்ளணும். தள்ளுனா அவரு குடுக்க மாட்டாரு" என்றான். ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "எஞ்சின் புதுப்பேட்டையில கிடைக்கும் அண்ணி." சொல்லிவிட்டு மூணாவது கியரைப் போட்டான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கலியாணசுந்தரத்தின் தெருமுனை திரும்பும்போது எஞ்சினுக்குள் யாரோ சம்மட்டி போடுகிற மாதிரி கேட்டது. வீட்டு வாசலில் கோலம் தெரிந்தது, மாவிலை தெரிந்தது, அவர் நின்றிருந்தது தெரிந்தது. இன்னும் நாலு வீடு. இன்னும் மூணு. அங்கே வண்டி ஒரு கத்துக் கத்தியது. சக்கரம் இழுத்துக்கொண்டு நின்றது. ஃபில்டரிலிருந்து கடைசியாகக் கொஞ்சம் புகை வந்தது, அவ்வளவுதான்.

நாங்கள் இறங்கினோம். யாரும் வண்டியைத் தொடவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தணிகாசலம் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். தெருமுனையில் நின்றுவிட்ட பஸ்ஸிலிருந்து நாலு பேர் தள்ள ஓடிவந்தார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினேன். கலியாணசுந்தரம் எங்களை, பிறகு பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிற வண்டியை, ஒரு முறை பார்த்தார். "வாசலுக்கு வரலையேம்மா" என்றார். அவர் குரலிலும் சந்தோஷம் இல்லை.

அப்போதுதான் குழலி வெளியே வந்தாள். அரக்குப் பட்டு, கைநிறைய வளையல். தகப்பனாரைத் தாண்டி, எங்களைத் தாண்டி, வண்டியைச் சுற்றிக்கொண்டு மூக்குப் பக்கம் போனாள். முந்தானையை இடுப்பில் செருகினாள். கொதிக்கிற தகரத்தில் கை சுடாமல் இருக்கத் செருகியதில் மீந்த நுனியை வைத்துக்கொண்டு இரண்டு கையையும் ஊன்றினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தணிகாசலம், இந்தப் பக்கம் அவள்.

"குழலி, உள்ளே போ" என்றார் கலியாணசுந்தரம்.

"போறேன்பா. இதையும் எடுத்துக்கினு போறேன்" என்று சொல்லித் தள்ளினாள்.

வண்டி நகரவில்லை. அவள் கால் மண்ணில் வழுக்கியது. மறுபடி ஊன்றினாள். பஸ்காரர்கள் கிட்டே வந்தபோது தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். முகம் சிவந்து, பூ அவிழ்ந்து, வளையல் ஒன்று உடைந்து விழுந்தது. தணிகாசலம் கதவைத் திறந்து இறங்கப் போனான். "நீங்க இறங்காதீங்க, ஸ்டியரிங் யாரு புடிப்பாங்க" என்று அதட்டினாள்.

கலியாணசுந்தரத்துக்குத் தாங்கவில்லை. "தள்ளத் தெரியலையேம்மா உனக்கு. இப்பிடி தள்ளுனா இடுப்பு புடிச்சிக்கும், நவுரு" என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடிவந்து, புதுச் சட்டையோடு தோளைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார். வண்டி அசைந்தது. அசைந்ததும் பள்ளத்தைக் கண்டு தானாகவே உருள ஆரம்பித்தது. ஒரு வீடு தாண்டியது, வேகம் பிடித்தது. அவர் புது வீட்டுச் சுவரைப் பார்த்துப் போகிறது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினார்.

"மாப்பிளே, பிரேக்காவது புடிக்குமா, மாப்பிளே" என்று கத்தினார்.

பிடித்தது. வண்டி கோலத்தின் மேல் நின்றது. அதுவரைக்கும் அவர் அவனை டிரைவரே என்றுதான் கூப்பிடுவார். மாப்பிள்ளை என்று சொன்னதை அவர் கவனிக்கவில்லை, நாங்கள் கவனித்தோம். மனுஷர் மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் என் மாமியார் அங்கம்மாள் நடு ரோட்டிலேயே ஓடிப்போய்த் தட்டை அவர் கையில் திணித்துவிட்டாள்.